தானா ராத்தா குளிரில் உறையும் தேன்

மலேசியாவின் மலையூரான தானா ராத்தாவில் வாங்கி வைத்த தேன் சில மாதங்களில் போத்தலின் அடியில் வெள்ளையாக, மணல் மணலாகக் கட்டிக்கொள்ளும். "சீனிப்பாகு கலந்துட்டாங்க" என்று அதைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொட்டாதீர்கள். தேனில் உள்ள குளுக்கோஸ்தான் அப்படி உறைகிறது. அது உறைவதற்குத் தோதான வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் அளவு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் மேலே இருக்கும் இந்த ஊரின் இரவுக் குளிர் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். கீழே வெப்பமான ஈப்போவில் இளகியே நிற்கும் தேன்கூட இங்கே சீக்கிரம் உறையும். கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் போத்தலை நிற்க வைத்தால் மெல்ல இளகிவிடும்.

எறும்பு மொய்க்கிறதா, தண்ணீரில் கரையாமல் இறங்குகிறதா, தீக்குச்சி பற்றுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதையும் நம்ப வேண்டாம். 2020-இல் இந்தியாவின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைப் பரிசோதித்தபோது, வழக்கமான ஆய்வகச் சோதனைகளில் தேறியவை பலவும் நுட்பமான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தோற்றன. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகு தீக்குச்சிக்கா அகப்படும்? தெரிந்த வளர்ப்பாளரிடம், கூட்டைப் பார்த்து வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காய்ச்சாத தேன் என்பது கூட்டிலிருந்து எடுத்து, மெழுகுத் துணுக்கு போக வடிகட்டியதோடு நிறுத்திக்கொண்ட தேன். தேன் உறையாமல் இருக்கத் தொழிற்சாலைகள் அதைச் சூடாக்கி, மகரந்தம்கூடத் தங்காதபடி நுண்ணியதாக வடிப்பதுண்டு. அந்தச் சூட்டில் தேனீ சேர்த்த நொதிகள் பழுதாகின்றன. அவற்றுள் ஒன்று, தேனில் ஈரம் படும்போது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கிருமியைத் தடுக்கும் தேனின் குணத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மீதியைப் புளிப்பும், தண்ணீர் குறைந்த அடர்த்தியும் பார்த்துக்கொள்கின்றன. கொதிக்கக் கொதிக்க இருக்கும் தேநீரில் காய்ச்சாத தேனை ஊற்றினால், அதற்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். குடிக்கும் பதத்துக்கு ஆறட்டும், பிறகு கலக்குங்கள்.

தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஊரென்பதால் இது தேயிலைப் பூத் தேன் என்று நினைத்துவிடக் கூடாது. கொழுந்து பறித்தும் கவாத்து செய்தும் வளரும் செடி பெரும்பாலும் பூப்பதில்லை. தேனீக்கள் காட்டு மரங்களையும் மலர், காய்கறித் தோட்டங்களையும்தான் நம்பியிருக்கின்றன. காடு குறைந்தால் இந்த மலையில் தேனும் குறையும்.

பயன்களில் நல்ல சான்று உள்ளது இருமலுக்கு. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சளி இருமலில் வழக்கமான கவனிப்பைவிடத் தேன் நன்றாக உதவுகிறது என்று எழுதினார்கள். துளசிச் சாற்றிலும் மிளகுப் பொடியிலும் குழைத்துக் கொடுத்த நம் பாட்டிமார் தேனை வீணாகச் சேர்க்கவில்லை. இரவில் படுக்கும்முன் ஒரு தேக்கரண்டி போதும். மூன்று வாரம் தாண்டிய இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருத்துவமனைதான்.

பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் மட்டும் நிற்க வேண்டும். ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டும் வைக்கக் கூடாது. தேனில் போட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, தலை நிற்காமல் துவள்வது இவை அறிகுறிகள். வீட்டில் கொதிக்க வைத்தாலும் இந்த வித்துகள் சாவதில்லை, எனவே "காய்ச்சிக் கொடுத்தேன்" என்பது பாதுகாப்பு ஆகாது.

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. தேனும் சர்க்கரைதான், உலகச் சுகாதார நிறுவனம் தினசரி சர்க்கரை அளவில் தேனையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரு தேக்கரண்டிச் சீனியில் சுமார் 16 கலோரி, தேன் கனமானதால் அதே கரண்டியில் 21.

இங்கே கெலுலுட் தேன் தனிக் கதை. கெலுலுட், தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்போமே, அந்தக் கொட்டாத சிறு தேனீயின் இனம். மெழுகும் பிசினும் கலந்த சிறு குடங்களில் அது சேர்க்கும் தேன் புளிக்கும். அதன் இனிப்பில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைய இருப்பதை 2020-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் மலேசியத் தேனையும் சேர்த்து ஆராய்ந்து சொன்னார்கள். அது மெல்லச் செரித்து, இரத்தத்தில் குளுக்கோஸை மெதுவாக விடும். அதற்காக நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து.

கெலுலுட்டில் ஈரம் அதிகம். 2017-இல் வந்த மலேசியத் தரநிலை பதப்படுத்தாத கெலுலுட் தேனில் 35 விழுக்காடு வரை தண்ணீரை அனுமதிக்கிறது. மற்றத் தேனுக்கு உலக அளவில் பொதுவான வரம்பு 20. அதனால் கெலுலுட் தேன் எளிதில் நொதித்து, மூடியைத் திறக்கும்போது காற்று சீறும். சாதாரணத் தேனைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, ஈரக் கரண்டி படாமல் அலமாரியிலேயே வைக்கலாம். கெலுலுட்டைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். போத்தலை முழுக்க நிரப்பாமல், அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள்.