எல்லன் கெல்லி என்னும் தாய்

ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியைப் பற்றித் திரைப்படங்கள்கூட உண்டு. அவனைப் பெற்ற எல்லன் அம்மையாரை அறிந்தோர் சிலரே.

அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்த இவர், 1841-இல் சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறி வந்தார். 1850-இல் மெல்போர்ன் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் ஜான் கெல்லியை மணந்தார். அவரும் அயர்லாந்துக்காரரே, பன்றி திருடியதற்காக நாடு கடத்தப்பட்டுத் தண்டனையை முடித்தவர். பிறந்த எட்டுக் குழந்தைகளில் ஒன்று சிசுவிலேயே இறந்தது. 1866-இல் கணவரும் இறந்தார்.

ஏழு பிள்ளைகளோடு விதவை என்ன செய்வார்? கிரேட்டா என்னும் ஊரருகே 88 ஏக்கர் நிலத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்தார். வேலியிட்டுப் பயிர் செய்து வீடும் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. விளைச்சல் போதவில்லை. வழிப்போக்கருக்குத் தங்க இடம் கொடுத்தும், உரிமமின்றி மது விற்றும் (அது குற்றந்தான்!) பிள்ளைகளுக்குச் சோறிட்டார்.

1878-இல் மகன் டானைக் கைது செய்ய வந்த காவலர், இவர் மண்வெட்டியால் தம் தலையில் அடித்ததாகக் கூறினார். கொலை முயற்சிக்கு உடந்தை என்று மூன்றாண்டுச் சிறை! கைக்குழந்தையோடு உள்ளே போனார். அக்காவலரோ 1880-இல் நம்பத்தகாதவர் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் எல்லனின் தண்டனை மாறவில்லை.

1880 நவம்பர் 11 அன்று நெட் தூக்கிலிடப்பட்டான். தாயும் அப்போது அதே மெல்போர்ன் சிறையில்தான் இருந்தார். முந்தைய நாள் மகனைப் பார்க்க மட்டும் விட்டார்கள்.

1881-இல் விடுதலையாகி வீடு திரும்பியவர், 1898-இல் மகள் கேட் இறந்தபின் அவளுடைய பிள்ளைகளையும் தாமே வளர்த்தார். 1923-இல், 90 வயது கடந்து காலமானார்.