கப்பல் காத்திருக்காது! தேனியிலிருந்து க்ரூஸ் போகிறீர்களா... எந்த ஏர்போர்ட், எங்கே தங்கலாம், எதில் போகலாம்?

சின்னமனூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அறுபது முடிந்துவிட்டது. திருக்கடையூர் போய் வந்தாயிற்று. ''அடுத்து ஒரு கப்பல் டூர் போயிட்டு வாங்க'' என்று பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு க்ரூஸ் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அம்மா கடலைப் பார்த்ததே ராமேஸ்வரத்தில்தான். கப்பலில் நீச்சல் குளம் இருக்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, அலையில் தலை சுற்றுமா என்று வீடே கேள்வி கேட்கிறது.

ஆனால், பெரும்பாலும் கடைசி வாரம்வரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. சின்னமனூரிலிருந்து கப்பல் வாசல்வரை எப்படிப் போய்ச் சேருவது?

தேனி மாவட்டத்தில் விமான நிலையமும் இல்லை, கடலும் இல்லை. மூன்று பக்கம் மலை. க்ரூஸ் பயணத்தில் பணத்தையும் நிம்மதியையும் காப்பாற்றுவது, கப்பல் ஏறுவதற்கு முந்தைய அந்த 24 மணி நேரம்தான்.

ஒரு நிமிடம் தாமதம்... என்ன ஆகும்?

பஸ் போனால் அடுத்த பஸ். ரயில் போனால் தட்கல். கப்பல் அப்படியில்லை. துறைமுகத்தில் நிற்கும் நேரத்துக்குக் கட்டணம், பைலட் ஏறும் நேரம், அடுத்த துறைமுகத்தில் ஒதுக்கிய இடம் என எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அதனால் ஒரு குடும்பத்துக்காகக் கப்பல் நிற்காது.

2024 மார்ச் மாதக் கடைசியில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 'நார்வேஜியன் டான்' கப்பலில் வந்த 8 பயணிகள், தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலா முடிந்து தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் நின்றது. தீவின் கடலோரக் காவல் படையினர் படகில் கொண்டுபோய் விட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. பல நாடுகளைக் கடந்து அலைந்து, கடைசியில் செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் மறுபடி கப்பலைப் பிடித்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, செக்-இன் மூடும் நேரம் வேறு. கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே, சில பயணங்களில் அதற்கும் முன்பே, கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். உங்கள் டிக்கெட்டில் பார்க்க வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

முதல் கேள்வி: எந்தத் துறைமுகம்?

ஏர்போர்ட்டைத் தேடும் முன் துறைமுகத்தைப் பாருங்கள். நம் பகுதிக்காரர்களுக்கு அருகில் இருப்பவை இரண்டு: சென்னை, கொச்சி.

2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையில் 'கார்டிலியா' நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்கள். அந்தச் சமயத்தில்தான் 17.21 கோடி ரூபாய் செலவில் அமைத்த சர்வதேசக் கப்பல் சுற்றுலா முனையமும் சென்னையில் திறக்கப்பட்டது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அதனால் அந்த மாதங்களில் கிழக்குக் கடற்கரைப் பயணங்களும், மழை ஓய்ந்த பிறகு மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு பக்கப் பயணங்களும் நடப்பது வழக்கம். கொச்சியில் வில்லிங்டன் தீவின் எர்ணாகுளம் வார்ஃபில் 'சாகரிகா' முனையம் இருக்கிறது. 25.72 கோடி ரூபாயில் கட்டி, 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தது.

சென்னைக் கப்பலுக்கு: ரயிலா, விமானமா, பஸ்ஸா?

ரயில்: போடி லைன் அகலப்பாதையாக மாற 2010 இறுதியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. இப்போது போடிநாயக்கனூரிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகளில் சென்னை சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மறுநாள் காலையில் போய்ச் சேரும். சென்ட்ரலிலிருந்து துறைமுகம் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். ஆட்டோ போதும்.

இங்கேதான் கவனம் தேவை. கப்பல் வெள்ளிக்கிழமை மாலை என்றால், வியாழன் இரவு ரயில் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ரயில் நேரத்துக்கு வந்தால் பிரச்னையே இல்லை. நான்கைந்து மணி நேரம் தாமதமானால், குளிக்கக்கூட நேரமில்லாமல் துறைமுகத்துக்கு ஓட வேண்டும். வியாழன் காலை மதுரை போய் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்தால், பிற்பகலில் சென்னை. இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்து கப்பலுக்குப் போகலாம். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடக்கும் காலத்தில் சில ரயில்கள் தாம்பரத்துக்கு மாற்றப்படுவதால், உங்கள் ரயில் எதுவரை போகிறது என்று டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள்.

அப்பா, அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடுவது நல்லது. 60 வயது கடந்த ஆண்களுக்கும், 45 வயது கடந்த பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா உண்டு. ஆனால், ஒரே டிக்கெட்டில் இருவருக்கு மேல் இருந்தாலோ, பேரப்பிள்ளைகளைச் சேர்த்துப் போட்டாலோ அது கிடைக்காது. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

விமானம்: தேனியிலிருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக மதுரை சுமார் 75 கிலோமீட்டர். ஏர்போர்ட் போக மதுரை டவுனுக்குள் நுழைய வேண்டாம். செக்கானூரணியிலிருந்து திருமங்கலம் பக்கம் திரும்பிவிட்டால் சித்திரைக் கூட்டத்திலும் சிக்காமல் போகலாம். கம்பம், கூடலூர்க்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபர் முதல் மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால், வீட்டிலிருந்து கிளம்பி சென்னையில் இறங்கும்வரை கணக்குப் போட்டால், பகல் ரயிலைவிட மூன்று, நான்கு மணி நேரம்தான் மிச்சமாகும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ லக்கேஜ்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

மீனம்பாக்கத்திலிருந்து துறைமுகம் சுமார் 20 கிலோமீட்டர். பெட்டி குறைவாக இருந்தால் மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தில் சென்ட்ரல், உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால், டாக்ஸிக்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள்.

பஸ்: கம்பத்திலிருந்து இரவு ஏறினால் விடிகாலை சென்னை என்பது பழைய கணக்கு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து துறைமுகம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். காலை நேர ஜி.எஸ்.டி சாலை நெரிசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவு அறை... வீண் செலவா?

'எதுக்கு தண்டமா ஒரு ரூம்?' என்று கேட்காத வீடு இல்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் வெள்ளம் புகுந்தது. விமானங்கள் நின்று, மறுநாள் காலையில்தான் சேவை தொடங்கியது. அன்றைய தினம் சென்னையில் இறங்கிக் கப்பல் ஏறலாம் என்று யாராவது திட்டமிட்டிருந்தால்? நான்கு பேரின் க்ரூஸ் டிக்கெட்டோடு ஒப்பிட்டால், ஓர் இரவு அறை வாடகை என்பது ஒரு சின்ன காப்பீடு.

அறை எடுக்கும்போது ஏர்போர்ட் பக்கம் பார்க்காமல் துறைமுகப் பக்கம் பாருங்கள். எழும்பூர், பெரியமேடு, பாரிமுனை, திருவல்லிக்கேணி பகுதிகளில் எல்லா பட்ஜெட்டிலும் அறைகள் உண்டு. காலையில் சிறு தூரம்தான் மிச்சம். நள்ளிரவில் விமானத்தில் இறங்குபவர்களுக்கு மட்டும் பல்லாவரம், மீனம்பாக்கம் சரி.

புக் செய்யும் முன் போனில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா? காலை எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்? அதன்பிறகு பெட்டிகளை வைத்துக்கொள்ள விடுவார்களா? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா?

கொச்சிக் கப்பலுக்கு: ஏர்போர்ட்டே வேண்டாம்!

கொச்சிக்குப் போக மதுரையில் விமானம் தேடுவது, பின்வாசல் பக்கத்தில் இருக்கும்போது தெருவைச் சுற்றுவது போல. நமக்கு மலைதான் வாசல். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என மூன்று வழிகள்.

போடிக்காரர்கள் போடிமெட்டு, மூணாறு வழியாகப் போகலாம். ஆனால், போடிமெட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து மூணாறு மலைப்பாதை. கனமழையில் மண்சரிவு அபாயமும் உண்டு. வாந்தி, தலைசுற்றல் உள்ளவர்கள், பகலில் குமுளி, குட்டிக்கானம், கோட்டயம் வழியாகப் போவது நல்லது. குமுளியிலிருந்து எர்ணாகுளத்துக்கு கேரள அரசு பஸ்கள் இருக்கின்றன. ஐந்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் போவதானால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கொச்சியில் க்ரூஸ் சீசனும், சபரிமலை சீசனும் ஒரே நேரத்தில் வருகின்றன. கூட்டம் அதிகமாகும் நாள்களில், ஐயப்ப பக்தர்களின் வாகனங்களை கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, குமுளி வழியாகத் திரும்ப விடுவது போலீஸாரின் வழக்கம். கம்பம் முதல் குமுளிவரை வழக்கமான நேரக் கணக்கு அப்போது செல்லாது. அந்த இரண்டு மாதங்களில் முதல் நாள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

வாடகை கார், வேன் எடுத்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ''கேரளா பெர்மிட் இருக்கா?'' செக்போஸ்ட்டில் நின்று அந்தப் பேச்சைத் தொடங்கினால், கப்பல் நேரம்தான் கரையும்.

தங்குவதற்கு எர்ணாகுளம் சவுத், வில்லிங்டன் தீவு, ஃபோர்ட் கொச்சி மூன்றும் வசதி. நெடும்பாசேரி ஏர்போர்ட் பக்கம் அறை எடுத்தால், காலையில் இடப்பள்ளி, வைட்டிலா நெரிசலைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணிக்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் போய் கப்பல் ஏறினால்?

மதுரை, திருச்சி, கொச்சி என மூன்று வாய்ப்புகள். மதுரை பக்கம்தான், ஆனால் விமானங்கள் குறைவு. அது ரத்தானால் அடுத்தது எப்போது என்று யோசிக்க வேண்டும். திருச்சி, தேனியிலிருந்து திண்டுக்கல் வழியாக சுமார் 175 கிலோமீட்டர். ஆனால், சிங்கப்பூருக்கு தினமும் பல விமானங்கள். 2024 முதல் புது முனையமும் வந்துவிட்டது. தூரத்தை மட்டும் பார்க்காமல், 'ஒன்று போனால் இன்னொன்று உண்டா' என்று பார்த்து ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன: மெரினா பே, ஹார்பர்ஃபிரன்ட். இரண்டும் வேறு வேறு இடங்கள். டிக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்த பிறகே ஹோட்டல் எடுங்கள். கப்பல் வேறு நாட்டுக்குப் போய் மறுபடி சிங்கப்பூர் வருமானால், உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் சரிபாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* கப்பல் கிளம்பும் நாளுக்கு முதல் நாள் மாலைக்குள் துறைமுக ஊரில் இருங்கள். வெளிநாடு என்றால் இரண்டு நாள் முன்பு.
* ஒரிஜினல் அடையாள அட்டை, வெளிநாட்டுக்கு பாஸ்போர்ட், மாத்திரைகள், டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டி கப்பலில் அறைக்கு வந்துசேர சில மணி நேரம் ஆகலாம்.
* துறைமுகம் பாதுகாப்புப் பகுதி. எந்த கேட் வழியாக, எதுவரை ஆட்டோ, டாக்ஸியை விடுவார்கள் என்று முன்பே கேளுங்கள்.
* வீட்டுப் பலகாரத்தைப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. முறுக்கு டின்னைக் கட்டும் முன் விதிகளைப் படியுங்கள்.
* திரும்பும் நாளில் காலை விமானம் வேண்டாம். கப்பல் கரை சேர்ந்து எல்லோரும் இறங்க முற்பகல் ஆகிவிடும். சென்ட்ரலிலிருந்து போடி ரயில் திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் இருக்கிறது.
* ரயில், பஸ், விமான நேரங்கள் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முதல் நாள் இன்னொரு முறை பாருங்கள்.

சின்னமனூர் வீட்டுக்கு வருவோம். பிள்ளைகள் கப்பலுக்கு எடுத்த டிக்கெட்டோடு, முதல் நாள் பகல் ரயிலுக்கு இரண்டு டிக்கெட்டும், எழும்பூரில் லிஃப்ட் உள்ள ஓர் அறையும் சேர்த்துப் போட்டால் போதும். மறுநாள் காலை அப்பா ஆற அமர இட்லி சாப்பிடுவார். அம்மா பதற்றமில்லாமல் புடவை மாற்றுவார். பத்து நிமிட ஆட்டோ பயணத்தில் துறைமுகம் வந்துவிடும். இனி அந்தக் கப்பல் எத்தனை மாடி என்று எண்ணுவதுதான் அவர்களின் ஒரே வேலை.