கரடி, பூனை, மச்சினன்!

"மாமா, விதை வாங்கினீங்களா?"

2020 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி 11.30 மணிக்கு என் மச்சினன் கேட்ட கேள்வி இது. நான் விவசாயி இல்லை, பி.காம். அவனும் விவசாயி இல்லை, பி.இ. கேட்ட சமயத்தில் அவன் செத்துப்போய்த் தரையில் கிடந்தான். நான் பூனையாக இருந்தேன்.

பதற வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி 2004 நவம்பரில் ஆரம்பித்தது. மாசச் சந்தா கட்டி உள்ளே போனால் மலை, காடு, கடல், அரக்கர்கள் என்று ஒரு முழு உலகம். எதிரே வருகிற ஆசாமிகளில் பாதிப் பேர் நம்மைப் போலவே எங்கேயோ ஒரு வீட்டில் பனியனோடு உட்கார்ந்திருக்கும் நிஜ மனுஷர்கள். வருஷா வருஷம் விளையாட்டை மாற்றிக்கொண்டே வந்ததில் பழைய ஆட்கள் 'எங்க காலம் மாதிரி வருமா' என்று புலம்ப, 2019 ஆகஸ்டில் பழைய வடிவத்தையே தூசி தட்டி 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தார்கள். நாங்கள் ஆடியது அதில்தான்.

மச்சினனுக்கு அந்த வருஷம் ஏப்ரலில் வேலையில் சேர வேண்டிய தேதி. ஆர்டர் கையில் இருந்தது. மார்ச்சில் ஊரே அடைத்தது. தேதி தள்ளிப்போனது. பிறகு 'வருந்துகிறோம்' என்று நாலு வரி மெயில் வந்தது. எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட பையன் அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு வருவான், தட்டைக் கழுவுவான், பேச மாட்டான். ராத்திரி ஆனால் ஹாலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத நாலு பேருக்கு ஜோராக உத்தரவு போடுவான். "கொஞ்சம் அவனோட உட்காருங்களேன்" என்றாள் என் மனைவி. உட்கார்ந்தேன். மறுநாளே எனக்கும் ஒரு சந்தா.

"என்ன கிளாஸ் எடுக்கறீங்க மாமா?"

"எல்லா வேலையும் தெரிஞ்ச கிளாஸ் எது?"

கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "ட்ரூயிட்" என்றான்.

ட்ரூயிட் என்றால் நம்ம விக்கிரமாதித்தன் கதையில் வருகிற கூடு விட்டுக் கூடு பாய்கிற ஆசாமி. நான் எடுத்தது டாரன் என்கிற ஜாதி. காளை மாட்டுத் தலை, ஆறேழு பேரைத் தூக்கிப் போடுகிற உடம்பு. 10-வது லெவலில் கரடியாகலாம். 16-இல் தண்ணீருக்குள் நீந்தும் பிராணி. 20-இல் பூனை (பெயர்தான் பூனை, பார்த்தால் சிங்கம், அதற்கும் கொம்பு!). 30-இல் சிறுத்தையாகி ஓடலாம். சொந்த உருவத்தில் நின்றால் வைத்தியமும் பார்க்கலாம், மந்திரமும் போடலாம். ஒரு சம்பளத்துக்கு நாலு ஆள்! எந்த மானேஜருக்குத்தான் கசக்கும்?

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன்.

எல்லா உருவமும் எடுக்க முடிவது கெட்டிக்காரத்தனம் இல்லை சார். பட்டனை அழுத்தினால் எந்தப் பையனும் கரடியாவான். எப்போது மாறுவது, மாறுகிற செலவுக்குக் கையில் காசு இருக்கிறதா, இந்த இரண்டும்தான் ஆட்டம். காமர்ஸ் படித்தவனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்:

மனித உருவத்தில் (அதாவது மாட்டு உருவத்தில்) செலவாவது 'மானா' என்கிற மந்திர சக்தி. இது நம் நடைமுறை மூலதனம். செலவழித்த 5 விநாடிக்கு ஊற்று அடைத்துக்கொள்ளும். அதன்பின் சும்மா இருந்தால் மெல்ல ஊறும்.

கரடிக்கு 'ரேஜ்', அதாவது கோபம். அடித்தால் வரும், அடி வாங்கினால் வரும். உதை வாங்கினால்தான் வருமானம் என்கிற உத்தியோகம், நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். கரடியை விட்டு வெளியே வந்தால் சேர்த்து வைத்த கோபமெல்லாம் அம்போ.

பூனைக்கு 'எனர்ஜி'. மொத்தம் 100. இரண்டு விநாடிக்கு 20 வீதம் தானாக வரும். இது தினக்கூலி. வாங்கி வாங்கிச் செலவழிக்க வேண்டியதுதான்.

இப்போது சூட்சுமம். ஒரு மிருகத்துக்குள் நுழைய மானா கட்ட வேண்டும், வெளியே வர இலவசம். சீட்டுக் கம்பெனிக்கு நேர் எதிர்! மிருகமாக இருக்கிற வரை மானாவில் கை வைக்கிற வேலை இல்லை. அது பாட்டுக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருக்கும். ஆகவே பூனையாகப் பிராண்டிக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் நீங்கள் பாங்க்கில் பணம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எதற்கு? ஆபத்து வரும் அந்த அரை நிமிஷத்துக்கு. தேர்ந்த ட்ரூயிட் எனர்ஜியைப் பார்த்து ஆடுவதில்லை. ஓரக்கண்ணால் மானாவைப் பார்த்தபடியே ஆடுகிறான்.

வேறு சௌகரியங்களும் உண்டு. எதிரி காலை வேரால் கட்டினால் உருவம் மாறுங்கள், கட்டு விட்டுப்போகும். மந்திரவாதி நம்மை ஆடாக்க வந்தால் கரடியாகி நில்லுங்கள். ஏற்கனவே மிருகமாக இருப்பவனை அவன் புதிதாக என்ன செய்ய முடியும்?

அசௌகரியமும் உண்டு. கிளாசிக்கில் மிருகமாக இருக்கும்போது மருந்து குடிக்க முடியாது. வைத்தியம் பார்க்க முடியாது. கடைக்காரனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, அந்த சனிக்கிழமை.

ஸ்கார்லெட் மொனாஸ்ட்ரி என்று ஒரு மடாலயம். அதன் கடைசிக் கூடத்தில் மோக்ரெய்ன் என்கிற தளபதி நிற்பான். ஐந்து பேர் கூட்டமாகப் போக வேண்டும். முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், வைத்தியத்துக்கு ஒருவர், அடிக்க மூன்று பேர். வைத்தியம் என் மச்சினன். 'அன்டெட்' பூசாரி, அதாவது ஏற்கனவே ஒரு தரம் செத்து எழுந்த ஜாதி. கூட்டத்துக்குத் தலைவனும் அவன்தான். நான் பூனை.

மோக்ரெய்னைச் சாய்த்தோம். உள் அறையிலிருந்து வைட்மேன் என்கிற அம்மாள் கோபமாக வந்தாள். அவளைப் பாதி உயிருக்குக் கொண்டுவந்தோம். அப்போதுதான் அவள் சுயரூபம்! எல்லாரையும் ஒரே மந்திரத்தில் தூங்க வைத்துவிட்டு, சாவகாசமாக மோக்ரெய்னை எழுப்பி நிறுத்திவிட்டாள். கண் விழித்தால் இரண்டு பேர். நேரே மச்சினன் மேல் பாய்ந்தார்கள். ஏற்கனவே செத்தவன் மறுபடி செத்தான்.

"மாமா, பூனையை விட்டு வெளிய வாங்க!" குரல் முதலில் சுவர் வழியாகவும் அரை விநாடி கழித்து ஹெட்போன் வழியாகவும் வந்தது.

என் மானா நிறைந்து வழிந்தது. ட்ரூயிடிடம் 'ரீபர்த்' என்று ஒரு வித்தை உண்டு. சண்டை நடக்கும்போதே செத்தவனை எழுப்பலாம். 30 நிமிஷத்துக்கு ஒரு தரம்தான். வெளியே வந்து இரண்டு விநாடி மந்திரம் சொன்னால் போதும்.

ஆனால் அந்த நேரத்தில் 'யார் எவ்வளவு அடித்தார்கள்' என்கிற பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. வாழ்க்கையில் எந்தப் பட்டியலிலும் முதலில் வராதவன் நான். அந்த அம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் உயிர்தானே பாக்கி, இன்னும் நாலு பிராண்டு பிராண்டினால்... பிராண்டினேன். முன்னால் நின்றவர் விழுந்தார். அப்புறம்தான் வெளியே வந்தேன். ரீபர்த்தை அழுத்தினேன். 'தேவையான பொருள் இல்லை' என்றது.

அந்த வித்தைக்கு ஒரு விதை வேண்டும். லெவலுக்குத் தகுந்தபடி வேறு வேறு மரத்து விதை. கடையில் அற்ப விலை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "மாமா, விதை வாங்கினீங்களா?"

ஸ்டாக் இல்லாமல் கடை திறந்த பி.காம். நான்தான்.

ஐந்து பேரும் செத்தோம். இரண்டு மணி நேர உழைப்பு. மற்ற மூன்று பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் கழன்றுகொண்டார்கள். நான் ஹாலுக்குப் போனேன். திட்டுவான் என்று நினைத்தேன். "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தான். அடுத்த நாலு நாள் அவன் அதைத் தொடவில்லை. வீட்டில் அவன் பேசுகிற ஒரே இடம் அதுதான். அதையும் நான் மூடிவிட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. சாப்பிடும்போதெல்லாம் உபதேசம் செய்தேன். "பாங்க் பரீட்சை எழுது... இங்கிலீஷை இம்ப்ரூவ் பண்ணு... நான் உன் வயசுல..." மூன்றாம் நாள் என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "விளையாட்டுல நாலு உருவம் எடுக்கறீங்களாம். வீட்ல எப்பவும் ஒரே உருவம்தான். உபதேச உருவம். அதுலேர்ந்து வெளிய வர இலவசம்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரசம் புரையேறியது.

அன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், எனக்கு இந்த ட்ரூயிடைச் சரியா ஆடச் சொல்லிக்குடு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஒரு நோட்டை எடுத்தான்.

அவன் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாக உங்களுக்கும் தருகிறேன்.

பையில் இரண்டு மூன்று செட் உடுப்பு இருக்கட்டும். பூனைக்குப் பலமும் சுறுசுறுப்பும், கரடிக்கு உடல் உறுதி, வைத்தியத்துக்குப் புத்தி. ஆனால் சண்டை நடுவில் ஆயுதம்தான் மாற்றலாம், சட்டை மாற்ற முடியாது. ஆகவே இன்று யார், என்ன வேலை என்பதைச் சண்டைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறுவதற்கு ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா சும்மா கரடி, பூனை, கரடி என்று தாவினால் மானா தீர்ந்து மாடாகவே நிற்பீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு. 'ஃப்யூரர்' என்கிற பயிற்சியை முழுக்க எடுத்தால் பூனையாகும்போதே 40 எனர்ஜி கிடைக்கும். 40-வது லெவலுக்கு மேல் 'உல்ஃப்ஸ்ஹெட்' என்கிற தோல் தொப்பி போட்டால் கூட 20. ஆகவே எனர்ஜி காலியானதும் வெளியே வந்து உடனே உள்ளே போனால் 60 ரெடி! வேண்டுமென்றே அப்படிக் கடன் வாங்கி வியாபாரம் செய்கிற சூரர்கள் உண்டு. ஆனால் கடைசி ஒரு வைத்தியத்துக்கும் ஒரு மாற்றத்துக்கும் உண்டான மானாவைத் தொடக்கூடாது. அது வைப்பு நிதி.

மூன்றாவது, பட்டியலைப் பார்க்காதே. ஆரம்ப வருஷங்களில் 40 பேர் கூட்டங்களில் ட்ரூயிட் போனாலே 'ஓரமா நின்னு வைத்தியம் பாரு' என்பார்கள். பூனை, கரடியெல்லாம் பெரிய கூட்டத்துக்கு அரைகுறை என்று பெயர். அடிப்பதில் தேர்ந்த அடியாளை மிஞ்சவோ, அடி வாங்குவதில் தேர்ந்த வீரனை மிஞ்சவோ ட்ரூயிட் பிறக்கவில்லை. யாரோ ஒருவர் விழுகிறபோது அந்த இடத்தில் நிற்பதற்காகப் பிறந்தவன். அந்த இடம் காலியாகும் முன்பே கவனிக்கிறவன்தான் நல்ல ட்ரூயிட்.

"நாலாவது?" என்றேன்.

"விதை" என்றான். சிரித்தான். பல வாரத்துக்குப் பிறகு.

அடுத்த சனிக்கிழமை அதே கூடம், அதே அம்மாள். வேறு மூன்று பேர். தூக்கம் கலைந்ததும் அதே மாதிரி மச்சினன் மேல் பாய்ந்தார்கள். விழுந்தான். நான் பட்டியலை மூடி வைத்திருந்தேன். பூனையை விட்டு வெளியே வந்தேன். இரண்டு விநாடி. அவன் எழுந்தான். எழுந்தவன் மேல் மோக்ரெய்ன் திரும்பும் முன் கரடியாகி அவனை என் பக்கம் இழுத்தேன். மச்சினன் மூச்சு வாங்கிக்கொண்டதும் வெளியே வந்து, முன்னால் நின்றவருக்கு இரண்டு வைத்தியம். அத்தோடு மானா காலி. பூனையாகக்கூடக் காசு இல்லை. கடைசியில் வெறும் மாடாக நின்று கைத்தடியால் அந்த அம்மாளை மொத்திக்கொண்டிருந்தேன். விழுந்தாள்.

பட்டியலில் நான் கடைசி. "நல்லா ஆடினீங்க மாமா" என்று குரல் சுவர் வழியாகவே வந்தது.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் காபி போட்டுக் குடித்தபடி அந்த நாலு வரி மெயிலைப் பற்றி அவனாகவே பேசினான். அரை மணி நேரம். நான் ஒரு உபதேசமும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, பழக்கமில்லாத உருவம்.

அடுத்த வருஷம் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பாங்க் பரீட்சையில் இல்லை, என் உபதேசத்தாலும் இல்லை. இப்போது எப்போதாவது சனிக்கிழமைதான் சேர்ந்து ஆடுகிறோம். போன மாசம் எனக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் வேலை நின்றுபோனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சரியாக 11.30-க்கு போன் வந்தது. அக்கா சொல்லியிருக்க வேண்டும். நலம் விசாரிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. ஒரே கேள்வி.

"மாமா, உள்ள வாங்க. விதை என்கிட்ட இருக்கு!"

அவன் பூசாரி. அவனுக்கு விதை எதற்கு என்று நான் கேட்கவில்லை.