கட்டெறும்பும் கறையானும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகளைச் சூழ்ந்து புதிய குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. அவ்வீடுகளில் கதவு நிலையருகே கட்டெறும்பு ஊர்ந்தால், மரம் அழியுமோ என அஞ்சுதல் இயல்பு. ஆனால், கட்டெறும்பு மரத்தை உண்பதில்லை. பெரும்பாலும் மண்ணில் வளை அமைத்து, இனிப்பை நாடியே வீட்டினுள் வரும். மரத்தை உண்பது கறையானே. மழைக்காலத்து ஈசலும் அதன் இனமே.

எறும்பின் இடை ஒடுங்கியும் உணர்கொம்பு வளைந்தும் இருக்கும். கறையானுக்கு இடை ஒடுங்காது, உணர்கொம்பும் வளையாது. சுவரில் மண்கோடு படர்ந்து, நிலையைத் தட்டினால் வெற்றோசை எழுமாயின், கறையான் புகுந்தது என அறியலாம்.

எறும்பைத் தடுக்க உணவை மூடி, விரிசலை அடைத்தல் வேண்டும். கறையானைத் தடுக்க ஈரக்கசிவை நீக்கி, பயிற்சி பெற்றவரைக் கொண்டு மண்ணுக்கு மருந்திடல் வேண்டும். பகையை அறியாது எறும்பின்மேல் மட்டும் மருந்து தெளித்தால், கறையான் நிலையைத் தின்றுகொண்டே இருக்கும்.