மீன் ஏற்றாத படகு

பசியாவரம் பக்கம் வலை பிரித்தபடி கேட்கும் நேயர்களே, படகை உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ‘பார்டர்ஸ்’ பாட்டின் காணொளியில் வரும் படகு வேறு. ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மீனுக்கு இடமே இல்லை. அகதிகளைப் பற்றிய அந்தக் காணொளியை 2015-இல் இயக்கியதும் பாடியதும் ஒருவர்தான், மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்றால் உலகத்துக்கே தெரியும். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். போர் துரத்த, பத்துப் பதினோரு வயதில் அகதியாக மறுபடியும் லண்டன். கலைக்கல்லூரியில் படித்தது சினிமா. 2001-இல் கண்காட்சி வைத்ததோ, வெட்டிய அட்டைமேல் வண்ணம் பீய்ச்சி வரைந்த ஓவியங்கள். பாட்டெல்லாம் அப்புறம்தான். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு, ஈழப் போராட்டத்தில் இருந்த அப்பாவின் இயக்கப் பெயர், ‘அருளர்’. 2007-இல் வந்த அடுத்ததற்கு அம்மாவின் பெயர், ‘கலா’.