குன்றிமணியின் நஞ்சு மருந்தாகுமா?

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணியை நீங்கள் அறிவீர்கள். கொங்கு நாட்டு வேலிகளில் படரும் கொடியின் விதை அது. பொற்கொல்லர் அதை எடையாகவும் கொண்டனர். ஒரு மணி ஏறத்தாழ 0.12 கிராம். (எடையைச் சொல்லாமல் விட இயற்பியல் ஆசிரியனுக்கு மனம் வராது!) மென்று விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. காரணம், அதிலுள்ள அப்ரின் என்னும் நச்சுப் புரதம்.

அப்ரினில் இரண்டு சங்கிலிகள் உள்ளன. ‘பி’ சங்கிலி செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைக் கூறுகளைப் பற்றிக்கொள்ளும். ‘ஏ’ சங்கிலி உள்ளே சென்று, புரதம் தயாரிக்கும் ரிபோசோம்களை முடக்கிவிடும். செல் மடியும். ஆனால் நல்ல செல் எது, புற்றுநோய்ச் செல் எது என்று ‘பி’க்குத் தெரியாது. சிக்கலே அங்குதான்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அஞ்சலி கரண்டே குழுவினர், ‘பி’ இல்லாத ‘ஏ’ சங்கிலியை ஓர் எதிர்ப்பொருளுடன் இணைத்தனர். சில புற்றுநோய்ச் செல்களில் மிகுந்து காணப்படும் ஒரு ஹார்மோன் ஏற்பியை மட்டும் தேடிப் பிடிப்பது அந்த எதிர்ப்பொருள். விலாசம் எழுதிய நஞ்சு எனலாம். அந்த ஏற்பியுள்ள செல்களை அது கொன்றதாக 2013-இல் அறிவித்தனர். இது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் கண்ட முடிவே, நோயாளிக்கான மருந்தன்று.

அமெரிக்காவில் ஐரா பாஸ்டன் குழுவினர் பாக்டீரியா நஞ்சைக்கொண்டு இதே வழியில் உருவாக்கிய மருந்து, அரிய வகை இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு 2018-இல் அனுமதி பெற்றது. பயன்படுத்தியோர் மிகச் சிலரே என்பதால் 2023-இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.