எந்த விரல் மரத்துப்போகிறது?

நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. எழுந்து நாலு உதறு உதறினால் சரியாகிறது. மறுநாளும் அதே கதை. வீட்டில் ‘ரத்த ஓட்டம் சரியில்லை’ என்பார்கள். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் கிடைக்கும். எந்த விரல் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில். அங்கே எலும்புகளுக்கும் தடித்த தசைநார் ஒன்றுக்கும் நடுவே குறுகலான பாதை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். இதுதான் ‘கார்பல் டனல்’ தொல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகம் வரும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் இரவில் படுத்துகிறது.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கையில் அல்நார் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கையை மடக்கி மணிக்கணக்கில் செல்போன் பேசுபவர்கள் கவனிக்க! கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்து எலும்பைச் சோதிக்க வேண்டும். பாதங்கள் முதலில் மரத்தால் விஷயமே வேறு. சர்க்கரையையும் பி12 அளவையும் பாருங்கள்.

கார்பல் டனல் தொல்லையைக் கண்டறிய, அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன் பெயரால் ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் விரல்களில் சுருசுருவென்று ஏறினால் சந்தேகம் வலுக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் மட்டும் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். அங்கு போகும் கிளை நரம்பு அந்தப் பாதைக்குள் நுழைவதில்லை. நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை நரம்புக் கடத்தல் சோதனை சொல்லும்.

ஆரம்ப நிலையில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைச் சில வாரங்கள் இரவில் கட்டிக்கொண்டாலே பலருக்குக் குறையும். அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. நிவாரணம் உண்டு, பலருக்கு அது நிலைப்பதில்லை. அதற்கும் மிஞ்சினால் அந்தத் தசைநாரை வெட்டிவிடும் சிறிய அறுவை சிகிச்சை. கையை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இதற்குப் பயந்து வருடக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்குவது வீண்.

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பாருங்கள். கட்டைவிரலடி மேடு ஒரு கையில் வற்றித் தட்டையாகியிருந்தால், சட்டைப் பொத்தான் போடவே விரல் தடுமாறினால், உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கரைந்த தசை, அறுவைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.